ஃப்ரீதான் மாமா... ஆனா யாரைக் கூப்பிடறது?

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, யாருக்கோ உடம்பு சரியில்லை. இரண்டு, உங்களுக்குப் பெண் கொடுக்கும் உத்தேசம். என் மாமா வந்து நின்றது மூன்றாவது காரணத்துக்கு.

"மாப்ளே... கம்ப்யூட்டர் செத்துப் போச்சு!"

2024 அக்டோபர். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் பாக்கியிருந்த சனிக்கிழமை. அன்று காலைதான் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருந்தேன். சாயங்காலம் ராஜபாளையத்தில் ஒரு படம். போன் சைலண்ட்டில். மாமாவின் பதினேழு மிஸ்டு கால்களையும் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

செட்டியார்பட்டி என்றதும் உங்களில் பாதிப் பேர் மேப்பைத் தேடுவீர்கள். சிரமம் வேண்டாம். ராஜபாளையம் பக்கம், தளவாய்புரத்தை ஒட்டின பேரூராட்சி. தமிழ்நாட்டுப் பெண்கள் ராத்திரியில் (இப்போதெல்லாம் பகலிலும்தான்!) போட்டுக்கொள்ளும் நைட்டிகளில் ஒரு நல்ல பங்கு இந்த வட்டாரத்துத் தையல் மெஷின்களில் பிறந்தவை. மாமாவிடம் இருபத்திரண்டு மெஷின், இருபத்திரண்டு தையல்காரப் பெண்கள். சனிக்கிழமை கூலி நாள். யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்ற கணக்கும், எந்த ஊர் வியாபாரிக்கு எத்தனை டஜன் போகிறது என்ற கணக்கும் அந்தச் செத்துப்போன கம்ப்யூட்டருக்குள் இருந்தன. மறுநாள் காலை ஆறு மணிக்கு பெங்களூருக்கு லாரி. சரக்கு மதிப்பு ஐம்பதாயிரத்துக்கு மேல். மாநிலம் தாண்டுவதால் பில்லும் ஈ-வே பில்லும் இல்லாமல் லாரி நகராது. தீபாவளி கழிந்து போய்ச் சேரும் நைட்டிக்கு என்ன மரியாதை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு விஷயம். செத்துப்போன கம்ப்யூட்டரை மாமா கண்ணால் பார்த்ததே கிடையாது. அது செட்டியார்பட்டியிலேயே இல்லை. மும்பையில் எங்கோ ஒரு குளிர்சாதனக் கட்டடத்தில் இருந்தது. அதைத்தான் 'க்ளவுட்' என்கிறார்கள். மேகம்!

அதை அங்கே கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யார்? அடியேன்தான்.

பாஸ் வந்த கதை

நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது அரசாங்கத்தின் தயவில். 2011-ல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் ப்ளஸ் டூவில் எனக்கும் ஒன்று கிடைத்தது. திறந்தால், "விண்டோஸா, பாஸா?" என்று கேட்கும். பாஸ் என்றால் மேனேஜர் இல்லை. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் லினக்ஸை வைத்துத் தயாரித்த ஆபரேட்டிங் சிஸ்டம். என் சிநேகிதர்கள் எல்லோரும் முதல் வாரமே கடையில் கொடுத்து பாஸை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அதைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க ஊரில் ஆள் இல்லையே! என்னிடம் கடைக்குக் கொடுக்க இருநூறு ரூபாய் இல்லை. அதனால் லினக்ஸ் கற்றுக்கொண்டேன். வறுமைதான் நல்ல வாத்தியார்.

கற்றுக்கொண்டவன் சும்மா இருப்பானா? 2019-ல், சென்னையில் வேலை கிடைத்த குஷியில், மாமாவிடம் போய் வீரமாகச் சொன்னேன்: "மாமா, பில்லிங் சாஃப்ட்வேர் ஃப்ரீ. டேட்டாபேஸ் ஃப்ரீ. ஆபரேட்டிங் சிஸ்டமும் ஃப்ரீ. சர்வருக்கு மட்டும் மாசம் ஆயிரத்துச் சொச்சம் வாடகை." சர்வர் என்றால் தோளில் துண்டு போட்ட ஓட்டல் சர்வர் என்று மாமா கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு பழகிவிட்டது. ஐந்து வருஷம் ஓடியது. அந்த ஐந்து வருஷமும் மாமா வீட்டு விசேஷங்களில் எனக்குத் தனி இலை, தனி மரியாதை.

பால்கோவாவும் லினக்ஸும்

கதையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பால்கோவா சாப்பிடுவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் என்ன ரகசியம்? பாலும் சர்க்கரையும்தான். செய்முறை ஊருக்கே தெரியும். ஆனாலும் எல்லோரும் கடையில்தான் வாங்குகிறோம். ஏன்? அடி பிடித்திருந்தால் திருப்பிக் கொடுக்க ஒரு கல்லாப்பெட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு முதலாளி உட்கார்ந்திருக்கிறார்.

லினக்ஸும் அப்படித்தான். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்து வைத்தார். செய்முறை பகிரங்கம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். அமெரிக்காவில் ரெட் ஹாட் என்ற கம்பெனி இதை வைத்துக் கடை போட்டது. "பண்டத்துக்குக் காசில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கெட்டுப்போனால் நாங்கள் போனை எடுப்போம் பார், அதற்குத்தான் காசு" என்றது. சிரித்தார்கள். 2019-ல் ஐ.பி.எம். அந்தக் கடையை ஏறக்குறைய 34 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியபோது யாரும் சிரிக்கவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இந்தப் பாடம் நடந்திருக்கிறது. 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. எடுத்தது சூசே லினக்ஸ். அதற்குப் பின்னால் நோவெல் என்ற கம்பெனி இருந்தது. அதாவது, போர்டு மாட்டின கடை.

நான் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தது? அதே ரெட் ஹாட் செய்முறையில், போர்டு இல்லாமல், தொண்டர்கள் செய்து இலவசமாகக் கொடுத்த பண்டம். பெயர் சென்ட்ஓஎஸ். 2004-ல் ஆரம்பித்தது. ருசி அச்சு அசல் அதே. உலகத்தில் ஏகப்பட்ட சர்வர்கள் அதில்தான் ஓடின. 2014-ல் ரெட் ஹாட்டே அந்தத் தொண்டர்களை அரவணைத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் கையை விரித்தது. 2029 வரை வரும் என்று எல்லோரும் நம்பியிருந்த எட்டாம் பதிப்பு 2021 டிசம்பர் 31-ந் தேதியோடு சரி என்று அறிவித்தார்கள். பழைய ஏழாம் பதிப்புக்கு மட்டும் முன்பு சொன்ன கெடுவே: 2024 ஜூன் 30.

மாமாவிடம் இருந்தது அந்த ஏழு.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும் சார்! செய்தி வந்த அன்றே படித்தேன். படித்து, ஆபீஸ் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி, "அநியாயம்" என்று நான்கு வரி எழுதினேன். மாமாவின் சர்வரை மட்டும் சுத்தமாக மறந்துபோனேன்.

மண்டபம் எங்களுது, சமையல் உங்களுது

திரும்பவும் அந்த ராத்திரி. மாமாவின் ஆபீஸ் அறையில் லேப்டாப்பைத் திறந்தேன். கூலிப் பட்டுவாடா எப்படி ஆயிற்று என்று தயங்கிக் கேட்டேன்.

"ஒவ்வொரு புள்ளையும் ஒரு நோட்டு வச்சிருக்கு மாப்ளே. அதைப் பாத்துக் குடுத்துட்டேன்."

அந்த நோட்டுகள் மேஜை மேலேயே இருந்தன. முருகன் படம் போட்ட நாற்பது பக்க நோட்டு. தேதிவாரியாக பீஸ் கணக்கு. எனக்குக் காது சூடானது.

சர்வருக்கு என்ன வியாதி என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஐந்து வருஷத்துக் காப்பிகள் நிறைந்து வட்டில் இடமில்லை. எழுதிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் பாதி வாக்கியத்தில் மூச்சை விட்டிருக்கிறது. இடத்தைக் காலி செய்தேன். எழுந்திருக்கவில்லை. ரிப்பேர் செய்ய ஒரு சின்ன கருவி வேண்டும். 'யம்' என்று ஒரு கட்டளை. அதைத் தட்டினால் தானே போய் இறக்கிக்கொண்டு வரும். தட்டினேன். 'அந்த விலாசத்தில் யாரும் இல்லை' என்கிற அர்த்தத்தில் பதில் வந்தது. யம் அன்று எமனாகத்தான் வந்தது. ஜூன் 30 முடிந்ததுமே அந்தக் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

வாடகை வாங்கும் க்ளவுட் கம்பெனிக்கு எழுதினேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மரியாதையாகவே பதில் வந்தது: 'தங்கள் மெஷின் நலமாக இருக்கிறது. மின்சாரம், நெட்வொர்க் எல்லாம் சரி. உள்ளே தாங்கள் போட்டிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் சாஃப்ட்வேரும் தங்கள் பொறுப்பு. மேலும் தாங்கள் இருப்பது இலவச உதவித் திட்டம். அதில் பில் சந்தேகங்கள் மட்டும் கேட்கலாம்.'

மாமாவிடம் மொழிபெயர்த்தேன். அவர் ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார்.

"கல்யாண மண்டபம்னு சொல்லு. கரண்டும் தண்ணியும் ஜெனரேட்டரும் அவன் பொறுப்பு. சாம்பார் ஊசிப்போனா மேனேஜரைக் கேக்க முடியாது. சமையல்காரன் நாம கூட்டிட்டு வந்தவன்."

க்ளவுட் கம்பெனிகள் 'பகிர்ந்துகொண்ட பொறுப்பு' என்று படமெல்லாம் போட்டு விளக்குவதை மாமா ஒரு சாம்பாரில் முடித்துவிட்டார்.

"சரி, நம்ம சமையல்காரன் யாரு?" என்றார்.

பில்லிங் சாஃப்ட்வேர் எழுதியவர்கள்? அவர்களுக்கு மாமாவை யாரென்றே தெரியாது. காசு கொடுத்தால்தானே தெரியும்! சென்ட்ஓஎஸ் தொண்டர்கள்? கடையை மூடிவிட்டார்கள். ரெட் ஹாட்? நாம் அவர்கள் வாடிக்கையாளரே இல்லை. விரலை மடக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு விரல். அது என்னைக் காட்டியது.

இருபத்திரண்டு பெண்களின் கூலிக் கணக்கு, ஒரு மனிதரின் தீபாவளி வியாபாரம் இரண்டுக்கும் அதிகாரபூர்வ சப்போர்ட் யார் என்றால், போனை சைலண்ட்டில் போட்டுவிட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள்.

பழைய சாமான் கிடங்கு

அத்தை சுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். மாமா ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியாத இங்கிலீஷ் வரிகள் ஓட ஓட, ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி என் முகத்தையும் பார்த்தார்.

மூடின கடையின் பழைய சரக்கை ஒரு கிடங்கில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒன்றரை மணிக்குக் கண்டுபிடித்தேன். புதுச் சரக்கு வராது, கெட்டுப்போனால் கேட்க முடியாது, இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். சர்வரிடம் புது விலாசத்தைச் சொன்னேன். கருவி இறங்கியது. இரண்டே முக்காலுக்கு டேட்டாபேஸ் கண்ணைத் திறந்தது. கடைசி அரை மணி நேர வரவுகள் போனது போனதுதான். அந்த அரை மணிக் கணக்கை எங்கிருந்து எடுத்தோம்? முருகன் நோட்டிலிருந்து!

சரிபார்த்தபோது ஒரு பெண் தன் நோட்டில் நான்கு பீஸ் குறைத்து எழுதியிருந்தது தெரிந்தது. மாமா அந்தப் பணத்தை எடுத்துத் தனியாகக் கவரில் போட்டு வைத்தார். நாலே காலுக்கு பில், ஈ-வே பில் எல்லாம் அச்சாகி வந்தன. ஆறு மணிக்கு லாரி கிளம்பியது.

என் மனசு மட்டும் கிளம்பவில்லை. ஜூன் 30-லிருந்து அன்றுவரை எண்ணிப் பார்த்தேன். 111 நாள். அத்தனை நாளும் இன்டர்நெட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு சர்வர், பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட வராமல் நின்றிருக்கிறது. வட்டு நிறைந்தது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. அதற்கு பதில் திருடன் வந்திருந்தால்?

அந்த வருஷமே மார்ச்சில் உலகம் அப்படி ஒரு திருடனிடமிருந்து தப்பித்தது. லினக்ஸில் 'எக்ஸ்இஸட்' என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர். கோப்புகளை அமுக்கிச் சின்னதாக்குவது அதன் தொழில். அதைப் பல வருஷமாகச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஏறக்குறைய ஒரே ஆள். களைத்துப்போயிருந்த அவருக்கு உதவுகிறேன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை பார்த்துப் பெயரெடுத்துவிட்டு, உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் என்ஜினீயர் தற்செயலாகக் கவனித்தார். உள்ளே நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டு நோண்டியபோது குட்டு வெளிப்பட்டது. அரை விநாடி சார்! நாம் லிஃப்ட் வர அரை நிமிஷம் தாமதித்தாலும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தக் களைத்துப்போன மனிதரும் நானும் ஒரே ஜாதி. 'ஃப்ரீ' என்ற வார்த்தைக்கு அடியில் எங்கோ ஒருவர் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கை சோர்ந்தால் மேலே இருப்பதெல்லாம் ஆடும்.

மெக்கானிக் சம்பளம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு மாமா பேச ஆரம்பித்தார்.

"நம்ம மெஷின் மெக்கானிக்குக்கு மாசாமாசம் காசு குடுக்கேன். மெஷின் நல்லா ஓடுற மாசத்துக்கும் சேத்துத்தான். ஏன்னா, ஓவர்லாக் மெஷின் நின்னுபோற அன்னைக்கு அவன் வரலேன்னா இருபத்திரண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். உன் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு மெக்கானிக் கிடையாதா?"

உண்டு. பல விதத்தில் உண்டு. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் ஆபீஸில் யாராவது "எல்லாம் க்ளவுட்ல இருக்கு, கவலைப்படாதீங்க" என்று சொன்னால் உதவும்.

க்ளவுட் கம்பெனியிடமே ரெட் ஹாட், சூசே போன்றவற்றை மணிக்கணக்கு வாடகையோடு சேர்த்து எடுக்கலாம். சப்போர்ட்டும் அந்த பில்லிலேயே அடக்கம். கூடுதல் செலவுதான், ஆனால் கூப்பிட ஒரு கதவு இருக்கும்.

காசு குறைவு என்றால் உபுண்டு. நீண்ட காலப் பதிப்புக்கு ஐந்து வருஷம் பாதுகாப்புத் திருத்தம் சும்மாவே வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 'ப்ரோ' என்று ஒரு சந்தா. தனிநபருக்கு ஐந்து மெஷின் வரை அதுவும் இலவசம். ஆனால் திருத்தம் வருவது வேறு, போனை எடுக்க ஆள் இருப்பது வேறு. ஆளுக்குத் தனிக் காசு.

சென்ட்ஓஎஸ்ஸை விட்டவர்களுக்கு ராக்கி, ஆல்மா என்று இரண்டு வாரிசுகள் 2021-ல் வந்தன. பண்டம் இலவசம். சப்போர்ட் வேண்டுமென்றால் அதை விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

டேட்டாபேஸையும் க்ளவுட் கம்பெனியே பார்த்துக்கொள்ளும்படி விடலாம். ஆனால் கெடு முடிந்த பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால் தண்டம் உண்டு. அமேசான், மைசீக்வெல் 5.7, போஸ்ட்கிரெஸ் 11 மாதிரியான பழசுகளுக்கு 2024-லிருந்து தனிக் கட்டணம் போடுகிறது. மெஷின் பெரிசானால், மணி ஆக ஆக, மீட்டர் ஏறும்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நான்கு கேள்வி எழுதினார். அந்தத் தாள் இன்றைக்கும் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது:

இது எந்தத் தேதி வரைக்கும் ஓடும்?
ராத்திரி நின்னுபோனா எந்த நம்பர்?
அவன் எத்தனை மணி நேரத்துல பதில் சொல்லணும்?
வேற இடத்துல காப்பி இருக்கா, அதை எடுத்துப் பாத்தாச்சா?

சென்னையில் குளுகுளு அறையில் நாற்பது பக்கத்துக்கு எழுதும் சப்போர்ட் ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். சாரம் இந்த நான்கு வரிதான்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் சர்வரை ஆல்மாவுக்கு மாற்றினேன். காப்பி இப்போது இரண்டு இடத்தில். மாசக் கட்டணத்துக்கு ஒரு சின்ன கம்பெனியோடு ஒப்பந்தம். அதற்கு மேல் என்னையும் விடவில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமா ஒரு கவரை நீட்டினார். உள்ளே பணம்.

"என்ன மாமா இது? நான் போய் உங்ககிட்ட காசு வாங்குவேனா?"

"வாங்கிக்க மாப்ளே. இனி மாசாமாசம் வரும்."

"வேண்டாம் மாமா, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

மாமா கவரை என் சட்டைப் பையிலேயே திணித்தார்.

"உனக்காக இல்லடா. அன்னைக்கு ராத்திரி உன்னை நாலு வார்த்தை கேக்கணும்னு நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. சும்மா செஞ்சு குடுத்த புள்ளைன்னு முழுங்கிட்டேன். காசு வாங்காதவனை எப்படிடா திட்டறது?"